சோளம் எது, மக்காச்சோளம் எது? பந்தயப் புறாவுக்குத் தீனி கலக்கும் கணக்கு

போன மாதம் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நீல வாளி நிறையத் தீனி. கூடவே குரல் பதிவு: “அண்ணே, மெட்ராஸ் வீடியோல சொன்ன மாதிரியே கலந்துட்டேன். ஆனா புறா எல்லாம் கல்லு மாதிரி கனக்குது. கூண்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு கூரையில உக்காந்துடுது.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி வாளி மஞ்சள் முத்து. ஏனப்பா இவ்வளவு ஜாகோங் என்று கேட்டேன். “சோளம் முப்பது, மக்காச்சோளம் இருபதுன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு அம்பதா போட்டுட்டேன்.”

அவன்மீது தப்பில்லை. மலேசியாவில் நமக்குச் சோளம் என்றால் ஜாகோங்தான், பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வெண்ணெய் போட்டுக் கப்பில் விற்கிறார்களே அது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் மக்காச்சோளம். அங்கே வெறும் ‘சோளம்’ என்றால் வேறு தானியம்: கிட்டத்தட்ட மிளகு அளவில், உருண்டையாக, வெளுப்பாக இருக்கும். தமிழ்நாட்டுப் புறாக்காரர்களின் வீடியோவைப் பார்த்துக் கலக்கும் பினாங்குப் பையன்கள் பல பேர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்தக் கட்டுரையில் இனி மக்காச்சோளம் என்றால் ஜாகோங், சோளம் என்றால் அந்தச் சின்ன வெள்ளைத் தானியம்.

சரி, பெயர்க் குழப்பம் தீர்ந்தால் மட்டும் போதாது. அந்த வீடியோவில் சொன்ன அளவு எந்தப் புறாவுக்கு, எந்த வாரத்துக்கு என்று அவன் கேட்கவே இல்லை. தீனிக் கலவையில் ‘நல்ல கலவை’ என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தப் புறா அடுத்த மூன்று நாளில் என்ன செய்யப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. சும்மா இருக்கப் போகிறதா, 300 கிலோமீட்டர் பறக்கப் போகிறதா, குஞ்சுக்கு ஊட்டப் போகிறதா, இறகு மாற்றப் போகிறதா? அதற்குத் தகுந்தபடி கலவை மாறும். மூட்டையில் சிறகு விரித்த புறா படம் போட்டிருப்பதால் அது பந்தயத் தீனி ஆகிவிடாது.

சோறு, பருப்பு, எண்ணெய்

புறாத் தீனியை நம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி நினைத்துக்கொண்டால் எளிது. சோறு, பருப்பு, எண்ணெய், அவ்வளவுதான்.

சோறு என்பது மக்காச்சோளம், சோளம், கோதுமை, நெல், பார்லி, கம்பு. இவை மாவுச்சத்து. அன்றாட ஓட்டத்துக்கு இதுதான் சக்தி. மக்காச்சோளத்தில் 100 கிராமுக்குப் புரதம் 8 அல்லது 9 கிராம், கொழுப்பு 4 கிராம் அளவு. கோதுமையில் புரதம் 12, பார்லியில் 11, சோளத்தில் 10 சொச்சம், நெல்லில் 7 அல்லது 8.

பருப்பு என்பது பட்டாணி, பாசிப்பயறு போன்றவை. இவற்றில் 100 கிராமுக்குப் புரதம் 23, 24 கிராம். தசை வளரவும், பழுது பார்க்கவும், இறகு முளைக்கவும் இது வேண்டும். தானியப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்க்கிறோமே, அதே ஏற்பாடு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

எண்ணெய் என்பது குசும்பா விதை, சூரியகாந்தி, நிலக்கடலை. குசும்பாவைக் கிளித் தீனியில் பார்த்திருப்பீர்கள்: வெள்ளையாக, சின்னச் சூரியகாந்தி விதை மாதிரி இருக்கும். அதில் கொழுப்பு சுமார் 30 சதவீதம், புரதம் 15. உரித்த நிலக்கடலையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்புதான், புரதம் 25.

புதிதாகப் புறா வளர்ப்பவர்கள் புரதத்தைத்தான் துரத்துவார்கள். பந்தயக் குதிரைக்குக் கொள்ளு என்று சின்ன வயதிலிருந்து கேட்டதாலோ என்னவோ, பறக்கிற புறாவுக்கும் பயறு பயறாகக் கொட்டுவார்கள். பறத்தல் அப்படி நடப்பதில்லை. கிளம்பிய முதல் சில நிமிடங்களுக்குத் தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து எரியும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் எரிவது கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. குறைந்த எடையில் நிறைய எரிபொருள். இன்னொரு லாபமும் உண்டு: ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடவே நீர் உடலுக்குள் உண்டாகும். வழியில் இறங்கித் தண்ணீர் குடிக்க நேரமில்லாத பறவைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

புரதம் மிஞ்சினால் அதைப் புரதமாகவே சேமித்து வைக்க உடலுக்கு வழியில்லை. அதை உடைத்து, அதில் இருக்கும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியேற்றியாக வேண்டும். எச்சத்தில் தெரியும் வெள்ளை அதுதான். மூன்று சத்துகளில் செரிக்கும்போது அதிக வெப்பம் உண்டாக்குவதும் புரதம்தான். “ஜாகோங் சூடு, பயறு குளிர்ச்சி” என்று நம் பெரியவர்கள் சொல்லும் கணக்கு இந்த ஒரு விஷயத்தில் தலைகீழ். மத்தியானம் 33 டிகிரி அடிக்கும் பட்டர்வொர்த் தகரக் கூரைக்குக் கீழே பறக்காத நாளில் பயறாகக் கொடுப்பது புறாவுக்கு வீண் வேலை.

எவ்வளவு தூரம்?

பந்தயத்தில் புறாவைத் தொலைவில் ஓர் ஊருக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள், அது தன் கூண்டுக்குப் பறந்து திரும்ப வேண்டும். பினாங்கிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் தைப்பிங் ஏறத்தாழ 77 கிலோமீட்டர், ஈப்போ 120, கோலாலம்பூர் 290. ஜோகூர் பாருவோ 570ஐத் தாண்டும். புறா மணிக்கு 60, 70 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால் ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீடு. கோலாலம்பூரிலிருந்து நாலரை மணி நேரம், எதிர்காற்று இருந்தால் இன்னும் கூட.

ஈப்போவுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், சாதாரணக் கலவையே போதும். அங்கே கொழுப்பை ஏற்றினால் சுமைதான் கூடும். கோலாலம்பூர் என்றால் கதை வேறு.

நான் பத்துப் பங்காகக் கணக்குப் போடுவேன். சாதாரண வாரத்துக்கு மக்காச்சோளம் 4, சோளம் 2, பட்டாணி 2, குசும்பா 1, பார்லி 1. இதில் புரதம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம். நான்கு பங்கு மக்காச்சோளத்தில் 34, சோளத்தில் 21, பட்டாணியில் 46, குசும்பாவில் 15, பார்லியில் 11. மொத்தம் 127. பத்தால் வகுத்தால் 12.7 சதவீதம். வளர்ந்த புறாவுக்கு இது போதும். கொழுப்பு இதே கணக்கில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்.

இப்போது கோலாலம்பூர் வாரத்தின் கடைசி நாட்களுக்கு: மக்காச்சோளம் 5, குசும்பா 2, நிலக்கடலை 1, சோளம் 1, பட்டாணி 1. புரதம் 13.1 சதவீதம், கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. கொழுப்போ 13 சதவீதத்துக்கு ஏறிவிட்டது, இரண்டு மடங்குக்கும் மேல். ‘பந்தயக் கலவை’, ‘சாதாரணக் கலவை’ என்று வேறு பெயரில், வேறு விலையில் விற்கும் மூட்டைகளுக்குள் நடப்பதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். அடுத்த முறை மூட்டை வாங்கும்போது பின்பக்கம் புரதம், கொழுப்பு என்று இரண்டு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கப் படத்தைவிட அது நிறையப் பேசும்.

பங்கு என்று சொன்னது எடையில். மைலோ டின்னால் அளப்பவர்கள் ஒவ்வொரு தானியத்தையும் ஒரே ஒரு முறை சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு டின் பட்டாணியும் ஒரு டின் குசும்பாவும் ஒரே எடை இல்லை. குசும்பா லேசு. டின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்துவிட்டால் பிறகு தராசு தேவைப்படாது.

ஞாயிறு பந்தயம் என்றால் என் வாரம் இப்படிப் போகும். வீடு திரும்பிய அன்றும் திங்களும் இலேசான தீனி: பார்லி 5, சோளம் 2, நெல் 2, கோதுமை 1. புரதம் 10 சதவீதத்தில் நிற்கும். செவ்வாய் அதையும் சாதாரணக் கலவையையும் பாதிப் பாதி. புதன் முழுக்கச் சாதாரணக் கலவை. வியாழனும் வெள்ளியும் கொழுப்புக் கலவை. சனிக்கிழமை காலையில் கொஞ்சம் போட்டுவிட்டுக் கூடையில் ஏற்றுவேன். தினம் கலவை மாறுகிறதே, வயிற்றுக்கு ஆகுமா என்று கேட்பார்கள். தானியம் ஏறக்குறைய அதேதான், பங்குதான் மாறுகிறது, அதனால் பாதகமில்லை. புறா இதுவரை பார்த்தே இராத தானியம் என்றால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஜோடி போட்ட புறாவுக்குப் பருப்பு கூட வேண்டும். முட்டை பொரிய 17, 18 நாள் ஆகும். பொரிந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தாயும் தகப்பனும் இருவருமே தீனிப்பையில் ஊறும் பாலைத்தான் ஊட்டும். அந்தப் பாலில் புரதமும் கொழுப்பும்தான் இருக்கும், மாவுச்சத்து இருக்காது. அந்த நாட்களில் மக்காச்சோளம் 3, பட்டாணி 3, பாசிப்பயறு, சோளம், கோதுமை, குசும்பா ஒவ்வொன்று என்று கலந்தால் புரதம் 15.6 வரும். இறகு மாற்றும் காலத்துக்கும் இதையே கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம்.

நீங்கள் கலந்தது ஒன்று, புறா தின்றது இன்னொன்று

அந்தத் தம்பியின் இன்னொரு தப்பு இது. தொட்டி நிறையக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். நாள் முழுக்கத் தீனி இருந்தால் புறா பொறுக்கித் தின்னும். முதலில் கடலை, பிறகு மக்காச்சோளம், பட்டாணி. பார்லி கடைசியில். மாலையில் மிச்சத்தின் மேலே அவன் மறுபடி கொட்டுவான். ஒரு வாரத்தில் தொட்டியின் அடியில் பார்லியும் தூசியும் மட்டும் தேங்கியிருக்கும். வாளியில் போட்ட கணக்குக்கும் வயிற்றுக்குள் போன கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அவனுடைய புறா கனத்ததற்கு ஜாகோங்கைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், நன்றாகப் பறக்கும் நாளில் 35. முப்பது புறாவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அதைக் காலை, மாலை என்று பிரித்து, மொத்தமாகக் கொட்டாமல் மூன்று நான்கு கைப்பிடியாகப் போட்டு நின்று பாருங்கள். முதல் பிடிக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். மூன்றாவது பிடிக்கு நிதானம் வரும். பார்லியை விட்டுவிட்டு மற்றதைத் தேட ஆரம்பித்ததா, ஒன்றிரண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பியதா, போதும். பறக்கும் நாட்கள் வரும்போது அந்த இடத்துக்குப் பிறகு இன்னும் அரைப் பிடி. ஓய்வு நாளில் பார்லியையும் முழுசாகத் தின்ற பிறகுதான் அடுத்த வேளை. பார்லிக்காக நான் காசு கொடுப்பதே பாதி இந்தக் கைகாட்டி வேலைக்குத்தான்.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பார்லி, அதாவது தண்ணீர் காய்ச்சிக் குடிக்க வாங்குகிறோமே, அது தீட்டியது. உமியும் நாரும் போயிருக்கும். புறாவுக்கு உமியோடு இருக்கும் பார்லி வேண்டும், அது தீனிக் கடையில்தான் கிடைக்கும். அது கிடைக்காத வாரத்தில் நெல்லைக் கூட்டிக்கொள்ளலாம். செபராங் பிறையிலும் கெடாவிலும் நெல்லுக்கா பஞ்சம்?

சோளத்துக்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே அரைக் கிலோ பாக்கெட்டில் சர்க்கரை நோயாளிகளுக்கான விலையில் இருக்கும். தீனிக் கடையில் கேளுங்கள், வெளுப்பாகப் பார்த்து வாங்குங்கள். கரும்சிவப்பாக இருக்கும் ரகங்களில் துவர்ப்பு அதிகம் இருக்கும். அந்தத் துவர்ப்பு புரதம் செரிப்பதைக் கெடுக்கும்.

இதெல்லாம் எதற்கு, பத்துமலை வாசலில் ஆயிரக்கணக்கான புறா எதைப் போட்டாலும் தின்று கொழுகொழுவென்று இல்லையா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இருக்கிறது. ஆனால் அது பறக்க வேண்டிய தூரம் 140 அடி முருகன் சிலையின் தோள் வரைதான்.

ஈரம்

இவ்வளவு கணக்கும் தானியம் காய்ந்திருந்தால்தான். நம் ஊரில் எனக்குப் பெரிய பயம் விகிதம் இல்லை, ஈரம். தானியத்தில் ஈரம் 13, 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். பினாங்குக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில். காய்ந்த தானியத்தைத் திறந்து வைத்தாலே அது காற்றிலிருந்து ஈரம் குடித்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். மக்காச்சோளமும் நிலக்கடலையும் இதில் முதல் பலி. அவற்றில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் போகாது. பூஞ்சை செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் கடைசி மூட்டை மக்காச்சோளம் வாங்கி வந்து, சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். இரண்டு வாரம் விடாத மழை. மூட்டையின் அடியில் கை விட்டபோது வெதுவெதுவென்று இருந்தது, பழைய சாக்கு நாற்றம் வேறு. அப்போதே தூக்கி எறிந்திருக்க வேண்டும். கஞ்சத்தனம் விடவில்லை. வெயில் வந்ததும் பாயில் கொட்டிக் காயவைத்து, தூசி தட்டி, நல்ல தீனியோடு கலந்து போட்டேன். பத்து நாளில் எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. புறாக்கள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. மூன்று இளம் புறாக்களை இழந்தேன். என்ன நஞ்சு என்று நான் எங்கும் பரிசோதிக்கவில்லை. ஆனால் அந்தச் சாக்கு நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் வாங்கும்போதே முழங்கை வரை மூட்டைக்குள் விடுவேன். உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சூடு தெரிந்தால் வேண்டாம். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பேன். இன்னொரு பிடியைத் தகரத்தில் உதிர்த்தால் கணகணவென்று சத்தம் வர வேண்டும், மந்தமாக விழுந்தால் ஈரம். மக்காச்சோளத்தின் கூர் முனைப் பக்கம், முளை இருக்கும் இடத்தில், கறுப்போ பச்சையோ தெரிகிறதா என்று நாலைந்து மணியைத் திருப்பிப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பயறு முளைகட்டுவது போலவே ஒரு சோதனை. மக்காச்சோளம் 20, பட்டாணி 20 எண்ணி ஊறவைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு நாளில் பெரும்பாலானவை முளை விட்டால் உயிருள்ள தானியம். பாதிக்கு மேல் விடவில்லை என்றால் பழசு, அல்லது எங்கேயோ அதிகச் சூட்டில் உலர்த்தியது. உடைத்த பட்டாணி முளைக்காது, அதை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். மூடி போட்ட பீப்பாய் எலிக்கும் வண்டுக்கும் நல்லது, ஆனால் ஈரத் தானியத்தைப் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். எல்லாவற்றையும்விட, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் தீனியை வாங்காதீர்கள். முப்பது புறாவுக்கு 25 கிலோ மூட்டை ஒன்று ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

போடக் கூடாதவற்றில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். சோயாவும் சிவப்பு ராஜ்மாவும் பச்சையாகக் கூடாது. பச்சைச் சோயாவில் இருக்கும் ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும், பச்சை ராஜ்மாவோ நேரடியாகவே நஞ்சு. ஈப்போ புந்தோங்கிலிருந்து வாங்கி வரும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு வகை) நமக்குத்தான், உப்பும் எண்ணெயும் புறாவுக்கு ஆகாது. அப்புறம், தானியத்தில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, புறாவுக்குப் பல்லும் கிடையாது. ஆகவே இடித்த சிப்பி ஓடும் சின்னக் கல்லும் கலந்த கிரிட் ஒரு தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். முட்டையிடும் பெட்டைக்கு அது கட்டாயம்.

தம்பி கலவையை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. தொட்டியை எடுத்துவிட்டான், நின்று பார்த்துப் போடுகிறான். நேற்று மாலை போய் ஒரு நீல ஆண் புறாவைக் கையில் பிடித்துப் பார்த்தேன். மார்பு எலும்பின் இரு பக்கமும் தசை நிறைந்து, முனை விரலுக்கு லேசாகத் தட்டுப்பட்டது. இளகிய வெண்ணெய் மாதிரி இருந்த அந்தத் தொளதொளப்பு இல்லை. கூண்டைச் சுற்றி நாற்பது நிமிடம் பறக்கிறது என்றான். மிச்சமிருக்கும் அரை வாளி ஜாகோங்கை என்ன செய்வது என்று கேட்டான். முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவன் அம்மா பின்கட்டில் ஏழெட்டுக் கோழி வளர்க்கிறார்கள், உடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன்.